ஃபேன் சுத்துது... டிஸ்ப்ளே வரலையே!

கேபினெட்டுக்குள்ளே கலர் கலராக லைட் எரிகிறது. ப்ராசஸர் தலை மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது. மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு பார்ட்டாகக் காசு சேர்த்து வாங்கி, சொந்தக் கையால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள் பலருக்கும் இந்தக் கறுப்புத் திரையோடு ஒரு பழைய பகை இருக்கும். பின்னாடி வந்து நிற்கிற அப்பா, "பேசாம கடையிலயே ரெடியா வாங்கியிருக்கலாம்ல?" என்று ஆரம்பிப்பார் பாருங்க... அந்த டயலாக்கைத் தவிர்க்கத்தான் இந்த வாரம் இந்த மேட்டர்!

இந்த நிலைமையில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடினால், "போர்டு போச்சு தம்பி, மாத்திடலாமா?" என்ற கேள்வி சர்வ சாதாரணமாக வரும். அவசரப்பட்டுத் தலையாட்டாதீங்க. போர்டும் நல்லா இருக்கும், ராமும் நல்லா இருக்கும். ரெண்டுக்கும் ஜாதகம்தான் பொருந்தியிருக்காது! அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும், ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

பொறுமை ஏன் முக்கியம் என்றால், ராம் இப்போ சில்லறை மேட்டர் இல்லை. 2025-ன் கடைசி மாதங்களில் அதன் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் சப்ளை பண்ணுவதிலேயே ஆலைகள் பிஸியாகிவிட, நம்மை மாதிரி ஒன்றிரண்டு ஸ்டிக் வாங்குகிறவர்கள் க்யூவில் கடைசிக்குப் போய்விட்டோம். 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, தன்னுடைய ‘க்ரூஷியல்’ பிராண்டில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்கிற பிசினஸையே மூடப்போவதாக அறிவித்தது. ஆக, "தப்பா வாங்கிட்டேன், இன்னொண்ணு வாங்கிக்கிறேன்" என்று கெத்தாகச் சொல்கிற காலம் இல்லை இது. சீல் உடைத்த பாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள எல்லாக் கடைக்காரர்களுக்கும் மனசு வருவதும் இல்லை.

முதல் பொருத்தம், தலைமுறைப் பொருத்தம். இப்போ மார்க்கெட்டில் ஓடுவது டிடிஆர்4, டிடிஆர்5. ரெண்டுக்கும் 288 பின். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதே, அது ரெண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. வோல்டேஜும் வேறு: டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. அதற்கும் மேலே, பவரைச் சீராக்குகிற சிப் டிடிஆர்4-ல் மதர்போர்டில் இருந்தது, டிடிஆர்5-ல் ராம் ஸ்டிக் மேலேயே ஏறிவிட்டது. அதனால் "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளை முதலில் ரூமை விட்டு வெளியே அனுப்புங்க. சரியான ராம், ‘க்ளிக்’ சத்தத்தோடு தானாக உட்காரும்.

ஏஎம்டி ஆட்களுக்கு இதில் குழப்பம் குறைவு. ஏஎம்4 சாக்கெட் போர்டு என்றால் டிடிஆர்4 மட்டும்தான். 2022-ல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். சொதப்பல் எல்லாம் இன்டெல் பக்கம்தான். 12, 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர்கள் ரெண்டு வகை ராமையும் ஏற்கும். ஆனால் போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். பி760 என்று ஒரே பெயரில் ரெண்டு டைப் போர்டும் கடையில் இருக்கும். சில போர்டுகளின் பெயருக்குப் பின்னால் ‘டி4’ என்றோ ‘டிடிஆர்4’ என்றோ ஒரு வால் ஒட்டியிருக்கும். அந்த வாலைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த டிடிஆர்4-ஐக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் ஏராளம். அதற்கடுத்து 2024 அக்டோபரில் வந்த டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு டிடிஆர்5 மட்டுமே. அங்கே இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

இன்னொரு வலை இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களிலும், ஆன்லைன் செகண்ட் ஹேண்ட் விற்பனையிலும் "32 ஜிபி சிங்கிள் ஸ்டிக், செம ரேட்டு பாஸ்" என்று ஒரு அயிட்டம் கண்ணில் படும். ஸ்டிக்கரை உற்றுப் பாருங்கள். அதில் ‘ஆர்டிம்’ என்றோ ‘ரெஜிஸ்டர்டு’ என்றோ இருந்தால் அது சர்வர் ராம். கம்பெனிகள் பழைய சர்வர்களை உடைத்து விற்கும்போது வெளியே வருவது. டிடிஆர்4 சர்வர் ராம் நம் வீட்டு போர்டு ஸ்லாட்டில் அழகாக உட்காரும், க்ளிக் சத்தமும் கேட்கும். ஆனால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. ராமும் பழுதில்லை, போர்டும் பழுதில்லை. நடுவில் ஒரு ரெஜிஸ்டர் சிப் வைத்துப் பேசுகிற பாஷை நம்ம ப்ராசஸருக்குப் புரியாது, அம்புட்டுதான். டிடிஆர்5-ல் இந்த வம்பே வேண்டாமென்று சர்வர் ராமின் வெட்டையே இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். உள்ளேயே போகாது.

ஓகே, சரியான ராம்தான், சரியான போர்டுதான். ஆனாலும் டிஸ்ப்ளே இல்லை. இப்போ என்ன?

முதல் வேலை, எதுவும் செய்யாமல் உட்காருவது. சீரியஸாகத்தான் சொல்றேன்! டிடிஆர்5 போர்டை, அதுவும் ஏஎம்5 போர்டை, முதல் தடவை ஆன் பண்ணும்போது பல நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். இடையில் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகலாம். நம்ம ஆட்கள் 1 நிமிடம் பார்ப்பார்கள், பவர் பட்டனை அழுத்தி அணைப்பார்கள், மறுபடி ஆன் செய்வார்கள், மறுபடி அணைப்பார்கள். பாவம், உள்ளே நடக்கிற வேலை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அப்படி என்ன வேலை? அதற்குப் பெயர் மெமரி ட்ரெயினிங். கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வித்வான் மிருதங்கத்தைத் தட்டித் தட்டி சுருதி சேர்ப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவில் டேட்டாவுக்கு மட்டும் ஒரு சேனலுக்கு 64 கம்பிகள். 6000 வேக ராம் என்றால் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு செகண்டுக்கு 600 கோடி தடவை பிட் மாறலாம். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே வெறும் 5 சென்டிமீட்டர்தான் போகும். அவ்வளவு நெருக்கடியில், ஒரு கம்பியில் சிக்னல் துளி லேட்டாக வந்தாலும் கணக்கு தப்பும். எந்தக் கம்பிக்கு எவ்வளவு தாமதம், எவ்வளவு வோல்டேஜ் என்று போர்டு ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து செட் செய்துகொள்கிறது. செட் ஆனதும் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் அடுத்தடுத்த தடவை சீக்கிரம் ஆன் ஆகும். ராமை மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ, செட்டிங்ஸை அழித்தாலோ மறுபடி சுருதி சேர்க்கும். ஆகவே, ஆன் செய்துவிட்டு ஒரு டீ போடுங்கள். நிதானமாகக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் கறுப்பாகவே இருந்தால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சில்லறை விஷயம். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், போர்டில் இல்லை. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ இருக்கிற ப்ராசஸர்களிலும், ஏஎம்டியில் ரைசன் 5600 மாதிரியானவற்றிலும் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஆனால் அதில் படம் ஓடாது. ராம் மேல் பழியைப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ப்ராசஸருக்கான 8 பின் பவர் கேபிளையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

இனி போர்டையே கேட்போம். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் ஓரமாக 4 குட்டி லைட்டுகள் இருக்கும். சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டதோ, அந்த லைட் எரிந்தபடி நிற்கும். டிராம் லைட்டில் நின்றால் நம்ம சந்தேகம் சரி. பழைய போர்டு என்றால் 'பீப்' சத்தம்தான் ஜோசியம். அதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வேண்டும். இப்போது பல கேபினெட்டுகளில் அது வருவதில்லை. தனியாகக் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளலாம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது போர்டுக்கு போர்டு மாறும், மேனுவலைப் பாருங்கள்.

பவரை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு, எல்லா ராமையும் கழற்றுங்கள். ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்த ஸ்லாட்டில் போடுவது? 4 ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி ரெண்டாவதில். பெரும்பாலான போர்டில் அதன் பெயர் ஏ2. ரெண்டு ஸ்டிக் என்றால் ரெண்டாவதும் நாலாவதும், அதாவது ஏ2, பி2. ‘பக்கத்துல இருக்கிற முதல் ஸ்லாட்தானே வேகமா இருக்கும்’ என்று தோன்றும். இல்லை. ஒரு சேனலின் கம்பிகள் முதல் ஸ்லாட் வழியாகப் போய் ரெண்டாவது ஸ்லாட்டில் முடிகின்றன. கடைசி ஸ்லாட்டைக் காலியாக விட்டால், மீதமிருக்கிற கம்பித் துண்டில் சிக்னல் மோதித் திரும்பி வந்து எதிரொலி அடிக்கும். வேகம் கூடக் கூட அந்த எதிரொலி பெரிய தொல்லை. முடிகிற இடத்தில் ராம் இருந்தால் தொல்லை கம்மி.

இந்த ஸ்டிக்கில் வரவில்லையா? அடுத்த ஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையா? ஸ்லாட்டை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த டீ டைம் கட்டாயம் உண்டு! எந்த ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் போட்டபோது என்ன ஆச்சு என்று ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு ஸ்டிக் எங்கே போட்டாலும் மக்கர் செய்தால் அதுதான் வில்லன். எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரே ஸ்லாட் மட்டும் மக்கர் செய்தால் சந்தேகம் போர்டு பக்கம், இல்லாவிட்டால் ப்ராசஸர் பக்கம்.

ப்ராசஸரா? ஆமாம். மெமரி கன்ட்ரோலர் இருப்பது ப்ராசஸருக்குள்ளேதான். இன்டெல்லிலும் ஏஎம்5-லும் பின்கள் போர்டு சாக்கெட்டில் இருக்கின்றன. தலைமுடி மாதிரி இருக்கிற அந்தப் பின்களில் ஒன்று வளைந்தாலும் ஒரு சேனலே காணாமல் போகலாம். கூலரை ஒரு பக்கம் மட்டும் முறுக்கி இறுக்கினாலும் இதே கதைதான். அழுத்தம் சாய்ந்து, சில பின்கள் சரியாகத் தொடாமல் போகும். ரெண்டு ஸ்டிக் போட்டு ஒன்றுதான் தெரிகிறது என்றால், கூலர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, குறுக்குக் குறுக்காக சமமாக இறுக்கிப் பாருங்கள். பத்துப் பைசா செலவில்லை.

நம்ம ஊரின் புகழ்பெற்ற வைத்தியம் ஒன்று உண்டு: ராமின் தங்கப் பற்களை ரப்பர் வைத்துத் தேய்ப்பது. 8 வருடம் தூசியிலும், கடற்கரை ஊரின் உப்புக் காற்றிலும் கிடந்த டிடிஆர்3 மெஷினுக்கு இது நிஜமாகவே வேலை செய்யும். பென்சில் அழிக்கிற மெத்து ரப்பரால் பதமாகத் தேய்த்து, தூளை முழுசாகத் துடைத்துவிட்டு மாட்டணும். நேற்று பிரித்த புது ராமுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பயாஸ். போர்டு கம்பெனியிலிருந்து கிளம்பியபோது, உங்கள் ப்ராசஸரோ ராமோ பிறந்தே இருக்காமல் போகலாம். 2020 ஜூனில் வந்த பி550 போர்டுக்கு, அதே வருடம் நவம்பரில் வந்த ரைசன் 5000 ப்ராசஸரைத் தெரியாது, புது பயாஸ் போட்டால்தான் தெரியும். 12-ம் தலைமுறைக்காக வந்த பி660, எச்610 போர்டுகளுக்கு 13, 14-ம் தலைமுறை விஷயத்தில் இதே நிலைமை. ராமிலும் இது நடந்தது. 2023-ல் 24 ஜிபி, 48 ஜிபி என்று வினோத சைஸில் டிடிஆர்5 ஸ்டிக்குகள் வந்தபோது, அதற்கு முன் வந்த போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் தேவைப்பட்டது. அறிகுறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ஃபேன் சுத்தும், படம் வராது! போர்டின் பின்பக்கம் ‘ஃப்ளாஷ்பேக்’ பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள். சரியான ஃபைலை பென் டிரைவில் போட்டு, மேனுவலில் சொன்ன பெயரில் மாற்றி, குறிப்பிட்ட யுஎஸ்பி ஓட்டையில் செருகி, பட்டனை அழுத்தினால் ப்ராசஸர், ராம் எதுவும் இல்லாமலேயே அப்டேட் ஆகிவிடும். அந்தச் சமயத்தில் கரன்ட் போனால் போச்சு, யுபிஎஸ்ஸில் செய்யுங்கள். பட்டன் இல்லையென்றால், போர்டுக்குத் தெரிந்த பழைய ப்ராசஸர் ஒன்று ஃப்ரெண்டிடம் ஓசியில் கிடைக்குமா பாருங்கள்.

பயாஸுக்குள் கையை வைத்து ஏதாவது மாற்றிய பிறகுதான் பிரச்னை ஆரம்பித்ததா? பவரைப் பிடுங்கி, நாணயம் மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, 5 நிமிடம் கழித்து மாட்டுங்கள். பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து போர்டு பச்சைக் குழந்தையாகிவிடும்.

படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பாருங்கள். 6000 என்று அட்டையில் போட்டிருந்த ராம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். "ஏமாத்திட்டானுங்க!" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க. பெட்டியில் போட்டிருப்பது ஓவர்க்ளாக் வேகம். ராம் முதலில் ஓடுவது பொது விதிப்படியான வேகத்தில். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தால்தான் பெட்டி வேகம் வரும். முன்னது இன்டெல்லின் பெயர், பின்னது ஏஎம்டியின் பெயர். எச்610 போர்டுகளில் இந்த ஓவர்க்ளாக் சலுகை கிடையாது, அதில் போட 6000 ராம் வாங்குவது தண்டச் செலவு. சிபியூ-இசட் மென்பொருளில் பாதி வேகம்தான் காட்டும், 3200 ராமுக்கு 1600 என்று. அதுவும் ஏமாற்று வேலை இல்லை. ஒரு க்ளாக் துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகிறது, அதைத்தான் டிடிஆர் என்கிறோம்.

ஏஎம்5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு கண்டிஷன்: எக்ஸ்போவை ஆன் செய்யும் முன் பயாஸைப் புதுசாக்கிவிடுங்கள். 2023-ல் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ போடும்போது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை ஓவராக ஏற்றியதுதான் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அதன் பிறகு அந்த வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் பூட்டுகிற பயாஸை ஏஎம்டி தந்தது.

அப்புறம் அந்த ஆசை: "4 ஸ்லாட் இருக்கே, நாலையும் நிரப்பிடலாமே!" டிடிஆர்5-ல் வேண்டாம் பாஸ். ரைசன் 7000 ப்ராசஸருக்கு ரெண்டு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தருகிற வேகம் 5200. நாலு போட்டால் 3600! காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வானேன்? 32 ஜிபி வேண்டுமென்றால் 16, 16 என்று ஒரே பாக்கெட்டில் வருகிற ஜோடியாக வாங்குங்கள். இன்று ஒன்று, செமஸ்டர் முடிந்து ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால், ஒரே பிராண்ட், ஒரே மாடல் என்றாலும் உள்ளே இருக்கிற சிப் மாறியிருக்கலாம். மூடி மேலே மட்டும் ஒரே டிசைன். அதனால்தான் போர்டு கம்பெனி வெப்சைட்டில் இருக்கிற க்யூவிஎல் பட்டியலில் பிராண்டைப் பார்க்காமல் முழு பார்ட் நம்பரையும், எத்தனை ஸ்டிக்குக்கு டெஸ்ட் செய்தார்கள் என்பதையும் பார்க்கச் சொல்கிறேன். பட்டியலில் இல்லாத ராம் ஓடாது என்று அர்த்தமில்லை. அதை அவர்கள் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய டிடிஆர்4 மெஷினில் 8 ஜிபி இருக்கிறது, 16 ஜிபி ஒன்று கிடைத்தால் போடலாமா? தாராளமாக. பெரும்பாலும் ஓடும். 8-ம் 8-ம் ஜோடி சேர்ந்து டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 8 தனியாக ஓடும். வேகம், ரெண்டில் மெதுவானதன் வேகம்தான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி மாதிரி ப்ராசஸரில் கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரே அளவு ஜோடி ரொம்ப முக்கியம். அங்கே ராம்தான் கிராஃபிக்ஸ் மெமரியும். ஒற்றை ஸ்டிக்கில் ஆடினால் கேம் நொண்டும்.

கடைசியாக, எல்லாம் ஓடுகிறது, ஆனால் நாலு நாளைக்கு ஒரு தடவை நீலத் திரை, ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கவில்லை, ஜிப் ஃபைல் பிரியவில்லை என்றால் விண்டோஸை அழித்து மறுபடி போடாதீர்கள். ராம் தப்பாக இருந்தால் புதுசாகப் போடுகிற விண்டோஸும் தப்பாகத்தான் பதியும். மெம்டெஸ்ட்86 ப்ளஸ் இலவசம். பென் டிரைவில் போட்டு பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு எரர் இருந்தாலும் அது எரர்தான். "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. ஆனால் உடனே ராமைக் குற்றவாளி ஆக்காமல், எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது எரர் இல்லையென்றால் ஸ்டிக் நல்லது, அந்த வேகம்தான் உங்கள் போர்டு, ப்ராசஸர் கூட்டணிக்கு அதிகம். 6000-த்தை 5600 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஆஃப் செய்தும் எரர் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக டெஸ்ட் செய்து, வில்லனைப் பிடித்து, திரையை போட்டோ எடுத்து, பில்லோடு வாரன்ட்டிக்குக் கொடுங்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் ரெண்டு ஸ்டிக்கையும் கேட்பார்கள். அதனால் நல்ல ஸ்டிக்கை அதற்குள் ரூம்மேட்டுக்கு விற்றுவிடாதீங்க!